தம்பி போட்ட பெரட்டு

எண்பதுகளின் தொடக்கத்தில் நமுனுகுல மலைப்பக்கத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு வந்த முதல் வீடியோ விளையாட்டுப் பெட்டி, ஒரு சவர்க்காரக் கட்டி அளவுதான் இருந்தது. கொழும்பில் கடையொன்றில் வேலை செய்த மாமா, துபாயிலிருந்து வந்த யாரிடமோ வாங்கித் தம்பிக்கென்று கொண்டுவந்தார். மூத்தவள் நான் இருக்க அவனுக்கு எதற்கு என்று எனக்கு வயிற்றெரிச்சல். கண்ணாடிக்குள் ஒரு குட்டி மனிதன் கூடையோடு நிற்பான். மேலிருந்து விழும் பழங்களை அவன் பிடிக்க வேண்டும். மூன்று பழம் தரையில் விழுந்தால் ஆட்டம் முடிந்தது.

"கண்ணு அவிஞ்சு போகும். தூக்கி அடுப்புல போடு" என்றார் அப்பா.

தம்பிக்கு எட்டு வயது. பேச்சு திக்கும். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் அவனைப் போலப் பேசிக்காட்டிச் சிரித்ததில், ஒரு வருஷமாக வாயையே திறப்பதில்லை. வேண்டியதைக் கையால் காட்டுவான். பிள்ளை இப்படியே ஊமையாகிவிடுவானோ என்று கொழுந்து பறிக்கும்போதும் அம்மாவுக்கு அதே நினைப்பு.

பெட்டி வந்த மறுநாளே லயத்துப் பிள்ளைகள் பதினொரு பேரும் எங்கள் வாசலில் கூடிவிட்டார்கள். யார் முதலில் என்று அடிதடி. பார்த்துக்கொண்டிருந்த தம்பி படிக்கட்டில் ஏறினான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். காலையில் பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட்டு ஆட்களை வேலைக்கு அனுப்புவாரே, அதே ராகத்தில் இழுத்துக் கூப்பிட்டான்.

"செல்வராணீ..."

"இருக்கேங்கய்யா!"

பதினொரு பெயர். ஒன்றில்கூடத் திக்கவில்லை. நேரத்துக்கு வந்தவர்களுக்கு ஒரு முழு ஆட்டம். பிந்தி வந்தால், தோட்டத்தில் அரைநாள் சம்பளம் போடுவதுபோல அரைப் பேர்தான். முதல் பழம் விழுந்ததுமே பெட்டியைக் கொடுத்துவிட வேண்டும். அக்கா என்றுகூடப் பாராமல் எனக்கும் இரண்டு முறை அரைப் பேர் போட்டான்.

ஒரு மாதத்தில், எந்தப் பொத்தானை எப்போது அமுக்குவது என்று எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கிற அளவுக்கு வந்துவிட்டான். அப்போது திக்கத்தான் செய்தது. ஆனால் அவனைவிட யாருக்கும் ஆட்டம் தெரியாது என்பதால், அவன் சொல்லி முடிக்கும்வரை பிள்ளைகள் காத்திருந்தார்கள்.

"கேட்டீங்களா, பய பேசுறான்ங்க" என்று அம்மா அப்பாவிடம் சொன்னாள். அதன்பின் அப்பா கண்ணைப் பற்றிப் பேசவில்லை.

அடைமழைக் காலத்தில் பெட்டியில் படம் மங்கத் தொடங்கியது. டோர்ச் பெற்றரி தளர்ந்தால் வெயிலில் காயவைப்பது எல்லார் வீட்டு வழக்கம். வெயிலுக்கு எங்கே போவது? தம்பிக்கு உதவுவதாக நினைத்து, நான் பெட்டியை அப்படியே அடுப்போரம் வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது ஒரு பக்கம் உருகி வளைந்திருந்தது. கண்ணாடி முழுக்கக் கறுத்துப்போயிருந்தது. அப்பா அன்று சொன்னதை நான் செய்து முடித்துவிட்டேன். அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பெட்டி போனபிறகும் பிள்ளைகள் வந்தார்கள். அவன் பெரட்டுப் போட்டுக் கிளித்தட்டு விளையாட்டுக்கு ஆள் பிரித்தான்.

அந்த மாதம்தான், இரு நாட்டு ஒப்பந்தப்படி நிரந்தரமாக இந்தியாவுக்குப் போகிற தோட்டக் குடும்பங்களுக்குக் கடிதம் வரத் தொடங்கியது. முதலில் செல்வராணி வீடு. பதுளை ஸ்டேஷனில் பெரியவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். அடுத்த நாள் மாலை தம்பி படியில் நின்று முதல் பெயராக அவளைத்தான் கூப்பிட்டான். பதில் இல்லை. இன்னொரு முறை கூப்பிட்டான். பிறகு இறங்கி வீட்டுக்குள் போய்விட்டான். வருஷ முடிவுக்குள் லயத்தில் ஆறு காம்பரா வீடுகள் பூட்டிக் கிடந்தன. அவன் மறுபடியும் கையால் காட்டத் தொடங்கினான்.

எல்லாம் நான் பெட்டியைக் கெடுத்த பாவம் என்றே நம்பினேன். மாமாவுக்குக் கடிதம் எழுதி, கெஞ்சி, அடுத்த தீபாவளிக்கு இன்னொரு பெட்டி வரவழைத்தேன். இதைக் கொடுத்தால் பேசிவிடுவான் என்று அவன் கையில் வைத்தேன். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஆளில்லாத வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, என்னிடமே நீட்டினான்.

தம்பி என்னை மன்னித்துவிட்டான் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். அன்று பொழுது சாயும்வரை நான் ஒருத்தியே விளையாடினேன்.