பவர் பட்டனில் சந்தனப் பொட்டு

ஆயுதபூஜைக்கு மறுநாள் எங்கள் கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை. மகளின் குழந்தைப்பருவப் படங்கள் எல்லாம் அதற்குள்தான். ஒரு நகல்கூட எடுத்து வைக்காத என்னை நானே திட்டிக்கொண்டு, ஒயர்களை இரண்டு முறை கழற்றி மாட்டினேன். பட்டனை மறுபடி அழுத்தக் குனிந்தபோது சந்தன வாசனை வந்தது.

செஞ்சி கடைத்தெருவில் நைனா வைத்திருந்த டைப்பிங் கடையிலும் பூஜைக்கு மறுநாள் இதே வாசனைதான். எனக்கு அப்போது ஏழு வயது. எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தவள் நான். அங்கேயும் கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை. கல்யாணப் பத்திரிகை அடிக்க சிங்கவரத்திலிருந்து வந்தவர் காத்திருந்தார்.

"இன்னாங்க, கரண்ட் இல்லியா?" என்றாள் அம்மா.

நான் மேசைக்கடியில் ஒளிந்துகொண்டேன். நைனா பட்டனைச் சுற்றிக் குண்டூசியால் சுரண்டினார். காய்ந்த சந்தனம் உதிர்ந்தது, பட்டன் உள்ளே அமுங்கியது.

"நெத்தியில வைக்கற பொட்ட வாயில வச்சா அது எப்டி பேசும்?" என்றார். வந்தவர் சிரித்த சிரிப்பில் நானும் வெளியே வந்துவிட்டேன்.

இப்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு நானும் நைனாவைப் போலச் சுரண்டினேன். திரும்ப மாட்டி அழுத்தியதும் உள்ளே ஃபேன் சுற்றியது, படங்கள் பத்திரமாக இருந்தன. கதவோரம் மகள் கைகளைப் பின்னால் மறைத்து நின்றாள்.

"இன்னா பாப்பா, இதுக்கு வாயிலயா பொட்டு வச்ச?"

"அதுக்கு நெத்தி எதுன்னு தெரியலம்மா."