பொட்டலம் கட்டும் மாப்பிள்ளை

தங்கை மகளுக்கு வரன் பேசியபோதுதான் பெரியம்மா அந்தப் பெயரை முதலில் கேட்டாள். "ஆபீஸ்ல பையனைப் பொட்டலம்னு கூப்பிடுறாங்களாம்க்கா" என்றாள் தங்கை.

"ஏன்டி, மளிகைக் கடையா வச்சிருக்கான்?"

கடையில்லை, கம்ப்யூட்டர். அவர்கள் புரோகிராம் எழுதும் மொழியில் ஓர் ஆளின் பெயரையே மூன்று விதமாக வைத்திருப்பார்கள். எழுத்தெழுத்தாகக் கோத்த சரம் ஒன்று, இறுக்கிக் கட்டிய பொட்டலம் ஒன்று, கம்பி வழியே அனுப்பும் பைட்டுகள் என்ற எண் துணுக்குகள் ஒன்று. அண்ணன் தம்பி மூவருக்கும் ஒரே முகஜாடை. ஆனால் ஒருவன் வீட்டில் இன்னொருவன் கால் வைத்தால், புரோகிராமைச் சரிபார்க்கும் கம்பைலர் என்ற மாமியார் வாசலிலேயே மறித்துவிடுவாள். ஒன்றைப் பிரித்து மற்றொன்றாகக் கட்டுவதே மாப்பிள்ளையின் பிழைப்பு.

"வந்ததை வந்தபடி வச்சா ஆகாதா மாப்பிள்ளை?" என்று கல்யாணத்துக்குப் பிறகு பெரியம்மா அவரிடமே கேட்டாள்.

"வகை பொருந்தணும் அத்தை."

"கல்யாணத்துக்கே நாங்க இவ்வளவு பொருத்தம் பாக்கலையே!"

கல்யாணமாகியும் வேலை தற்காலிகம்தான். மருத்துவமனை ஒன்றில் நோயாளி கையில் கட்டும் பெயர்ப் பட்டைகளை அச்சடிக்கும் புரோகிராம் ஒழுங்காக ஓடினால் நிரந்தரம் என்று ஆபீஸ் மேலாளர் சொல்லியிருந்தார். அதை நம்பித் தங்கை மகள் வேறு வீடு பார்க்கக் கிளம்பிவிட்டாள்.

அவசரத்தில் மாப்பிள்ளை குறுக்குவழியில் பொட்டலம் கட்டினார். அது எழுத்துக்கு ஒரு பைட் இடம்தான் தரும். ஆங்கில எழுத்துக்கு அது தாராளம். நம் தமிழ் எழுத்து அதில் அடங்காது. மிச்சத்தை வெட்டி எறிந்துவிடும். சோதித்துப் பார்த்ததெல்லாம் ஆங்கிலப் பெயர்கள். வகை பொருந்தியதால் கம்பைலரும் வாயைத் திறக்கவில்லை.

முதல் நாளே நோயாளிகள் கையில் கோழி கிளறிய மாதிரி கிறுக்கல். மேலாளரையும் மாப்பிள்ளையையும் கூப்பிட்டு மருத்துவமனையில் கூட்டம் போட்டார்கள். மேலாளர் அசரவில்லை.

"இது தப்பில்லைங்க, பாதுகாப்பு! நோயாளி பேரை வேத்தாள் படிக்கவே முடியாது பாருங்க."

நிர்வாகிகள் தலையாட்டினார்கள். ஒருவர் கைகூடத் தட்டினார்.

தலைமை நர்ஸ் மட்டும், "சரி சார், நாங்க எப்படிப் படிக்கிறது?" என்றாள்.

"நம்ம பையன் பிரிச்சுக் குடுப்பான்" என்ற மேலாளர், மாப்பிள்ளையின் காதோடு, "ஆமான்னு சொல்லுப்பா, இன்னிக்கே நிரந்தர வேலைக்கு ஆர்டர்" என்றார்.

மாப்பிள்ளை நர்ஸ் பக்கம் திரும்பினார்.

"பிரிக்க முடியாதுங்க. கட்டும்போதே எழுத்தை வெட்டிட்டேன், என் தப்புதான். எல்லாப் பட்டையையும் கழட்டிருங்க. சரிபண்ணித் தர்றேன்."

சொன்னபடி செய்தும் கொடுத்தார். பிழையை உடனே வெளிக்கொண்டு வந்ததற்காக மேலாளருக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

"சும்மா தலையாட்டியிருந்தா என்னவாம்?" என்று தங்கை இழுத்தாள்.

"யாரோ பெத்த புள்ளைக்கு ஊசி மாறியிருக்கும்டி" என்று பெரியம்மா அவள் வாயை அடைத்தாள்.

மாப்பிள்ளை இன்றும் அதே ஆபீசில் தற்காலிக ஊழியர். குடியிருப்பது பழைய வாடகை வீட்டில்.