போர்த் தண்ணீர் குடித்த உள்ளி

என் கணவர் எனக்குச் செய்த உதவிகளில் பாதி உபத்திரவமாகத்தான் முடிந்திருக்கின்றன. தொண்ணூறுகளில் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் நான் தாவரவியல் ஆசிரியையாக இருந்தபோது, உள்ளிக்கு, அதாவது வெங்காயத்துக்கு, தண்ணீர் ஊற்றினாரே, அதை மறக்கவே முடியாது.

திங்கட்கிழமை செய்முறைத் தேர்வு. உள்ளி வேரின் நுனியை நறுக்கி, சாயமேற்றி, நசுக்கி, செல்கள் இரண்டாகப் பிரிவதை மாணவிகள் மைக்ரோஸ்கோப்பில் காட்ட வேண்டும். அதற்காக ஜாம் பாட்டில்களின் வாயில் உள்ளிகளை உட்காரவைத்து வீட்டிலேயே வேர்விடச் செய்திருந்தேன். வியாழக்கிழமை நாங்குநேரியில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது, தண்ணீர் குறைந்தால் ஊற்றக் கணவரிடம் சொல்லிவிட்டுப் போனேன்.

சனிக்கிழமை காலையில் திரும்பிவந்து பார்த்தால் வேர்கள் அதே நீளத்தில் நிற்கின்றன. ஒன்றை நறுக்கிக் கல்லூரிக்கு எடுத்துப்போய்ப் பார்த்தேன். ஒரு செல்கூடப் பிரியவில்லை. எல்லாம் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தன. போன வருடம் இதே செய்முறையில் தோற்ற ஒருத்தி வகுப்பில் இருந்தாள். இந்த முறையும் தோற்றால் படிப்பை நிறுத்திவிடுவதாக அவள் வீட்டில் சொல்லியிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து விசாரித்தேன்.

"குடிதண்ணிய உள்ளிக்கு எதுக்கு வீணாக்கணும்னு போர் தண்ணிய ஊத்துனேன்" என்றார்.

எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் சோப்புகூட நுரைக்காது, அவ்வளவு உப்பு. கத்து கத்தென்று கத்திவிட்டு, அவரோடு பேசுவதை நிறுத்தினேன். புது உள்ளி வேர்விட நேரமில்லை. வேர்களை அலசி, பாட்டில்களில் குடிக்கப் பிடித்துவைத்திருந்த ஆற்றுத் தண்ணீரை ஊற்றினேன். உப்பு ஏறினால் செல் பிரிவதைத் தள்ளிப்போடும், நிலைமை சரியானதும் விட்ட இடத்திலிருந்து தொடரும் என்று வகுப்பில் வருடா வருடம் சொல்கிறவள்தான் நான். அன்று எனக்கே அதில் நம்பிக்கை இல்லை.

திங்கட்கிழமை அந்தப் பெண்தான் முதலில் கூப்பிட்டாள். குனிந்து பார்த்தேன். வழக்கமாகத் தேடித் தேடி நாலைந்துதான் கிடைக்கும். அன்றைக்கோ பார்த்த இடமெல்லாம் பிரிகிற செல்கள். உப்புக்குப் பயந்து ஒரே கட்டத்தில் காத்து நின்றவை, தண்ணீர் மாறியதும் சேர்ந்தாற்போல் கிளம்பியிருக்கின்றன. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் உள்ளி எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டார். அந்தப் பெண்ணுக்குத் தாராளமாக மதிப்பெண் போட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சாயங்காலம் சந்தோஷம் தாங்கவில்லை. பேசக்கூடாது என்ற வைராக்கியமும் இருந்ததால், காலிப் பாட்டில்களைக் கழுவிக்கொண்டே அவற்றிடம் சொல்வதுபோல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேப்பரைப் பைய மடித்து வைத்தார்.

"உள்ளிக்கு ரெண்டு நாள்ல கோவம் தீந்துட்டு. ஒனக்கு எப்பம் தீரும்?"

அதற்கு மேல் எப்படிக் கோபமாக இருப்பது? சிரித்துவிட்டேன்.