சலாத்துக்குப் பதில் வந்த வீடு

என் தங்கச்சி சுல்பாவின் மகன் றிஸ்கானுக்கு ஆலங்குடாவில் ஹோட்டல் வேலை. வெள்ளைக்காரர்கள் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்குகிற இடம். பகலில் அவர்களின் அறை துடைப்பான், வேலை முடிந்தால் ஃபோனில் பேய்ப்படம் பார்ப்பான். சும்மா பேய்ப்படம் இல்லை, காதலும் கலந்தது. பெரிய பழைய மாளிகை, காற்றில் ஆடும் திரைச்சீலை, மாடியில் வெள்ளை உடுப்போடு ஒரு பெண், கீழே அவளை நினைத்து உருகும் ஒருவன்.

ஒருநாள் என்னையும் பக்கத்தில் இருத்திக் காட்டினான். கூரை ஒழுகுகிறது, கதவு கிரீச்சிடுகிறது. அதைத் திருத்தாமல் இந்த ஆள் எதற்கு அழுகிறான் என்று கேட்டேன்.

"உங்களுக்கு ரசனை இல்ல மாமா" என்றான்.

நான் மூன்றாம் வகுப்போடு உப்பளத்தில் இறங்கியவன். ஓலைக் குடிசையில் பாம்போடு படுத்து எழும்பியவன். இன்று பாலாவிச் சந்தியில் என் பேர் எழுதிய லொறிகள் நிற்கின்றன. பயத்தை நான் சும்மாவே பார்த்தாயிற்று, டேட்டா போட்டுப் பார்க்கத் தேவையில்லை. வயிறு நிறைந்து, வாசல் பூட்டி, மெத்தையில் சாய்ந்தவனுக்குத்தான் பேய் இனிக்கும்.

வந்த சம்பந்தம் எல்லாவற்றையும் தட்டிக் கழித்தான். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கட்டிக்கொடுப்பார்கள். எல்லாம் புதுச் சீமெந்து வீடு, இவனுக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் நானே ஒன்று பிடித்தேன். வெள்ளிக்கிழமைகளில் பாலாவிக்கு வந்து எங்கள் பள்ளிவாசலில் தொழும் கற்பிட்டி நெய்னார் ஹாஜியாரின் மகள் அஸ்ரியா, கணக்கு டீச்சர். கொடுக்கிற வீடு ஆள் குடியில்லாத பழைய மாடி வீடு. படத்தைக் காட்டியதும் றிஸ்கானுக்குக் கண் கலங்கிவிட்டது. பெண்ணின் படத்துக்கு அல்ல, வீட்டின் படத்துக்கு. நானும் ஹாஜியாரிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். நாள் குறிப்பதுதான் மிச்சம்.

அதற்குள் இவன் ஒரு பின்னேரம், யாருக்கும் சொல்லாமல், வீட்டைத் தனியாக ரசிக்கப் போனான். முன்கதவு திறந்து கிடந்தது. ஆளில்லாத வீடென்றாலும் சலாம் சொல்லித்தான் நாங்கள் நுழைவோம். இவனும் சொன்னான்.

"வஅலைக்குமுஸ்ஸலாம்" என்று மேலேயிருந்து மெல்லிய பெண் குரல்.

நிமிர்ந்தான். மாடிப்படியில் தலை முதல் கால் வரை வெள்ளை. எத்தனை வருடம் ஏங்கிய காட்சி! செருப்பையும் விட்டுவிட்டு ஓடினான்.

சுல்பா பள்ளிவாசல் லெப்பையைக் கூப்பிட்டு, தண்ணீர் ஓதுவித்துக் குடிக்கக் கொடுத்தாள். தெம்பு வந்ததும் இவன் தேத்தண்ணிக் கடையில் கதை விட்டான். அந்த வீட்டில் ஜின் இருக்கிறதாம். சலாத்துக்குப் பதில் சொன்னபடியால் இஸ்லாமான ஜின்னாம். கதை கற்பிட்டிக்குப் போய் அஸ்ரியாவின் காதில் விழுந்தது. அன்று வீடு கூட்ட வந்து, பின்னேர அஸர் தொழுது, வெள்ளைத் தொழுகை உடுப்போடே படியிறங்கிய பிள்ளை அவள்தான்.

பொடியன் தெரியாமல் பயந்துவிட்டான் என்று சமாதானம் பேசப் போனேன். ஹாஜியார் மகளைப் பார்த்தார். அவள் கதவடியில் நின்று கேட்டாள்:

"நான் அஞ்சு நேரமும் தொழுறவ மாமா. உங்கட மருமகன் ஒரு நாளைக்கு அஞ்சு தரம் ஓடுவாரா?"

பாலாவியில் என் வாயை அடைத்தவன் எவனும் இல்லை. அன்று எழும்பி வந்துவிட்டேன். சம்பந்தம் அத்தோடு அறுந்தது.

றிஸ்கான் உடைந்துபோவான் என்று நினைத்தேன். அவனோ தாடி வளர்த்துக்கொண்டு, பின்னேரங்களில் கடலைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறான். கிட்டாத பெண், நுழைய முடியாத மாளிகை, எல்லாம் சினிமாவில் உள்ளபடியே அமைந்துவிட்டது. இவ்வளவு சந்தோஷமாக அவனை நான் கண்டதில்லை. ஹாஜியாரின் முகத்தில் விழிக்க முடியாமல், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு வேறு பள்ளிவாசலுக்குப் போகிறவன் நான்தான்.