கெணத்துக் காத்தை அளந்தவன்

எங்கண்ணன் பால்சாமியைத் தம்பியைக் கொன்னவன்னு சொல்ற வாயில மண்ணு விழ! எங்க ஊரு சிலமலையில அந்தப் பேச்சுப் பேசாத ஆளில்ல. இத்தனை காலம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். தம்பி பொண்டாட்டி குருவம்மாளும் போய்ச் சேர்ந்துட்டா. இனி எனக்கென்ன, சொல்றேன்.

அண்ணன் ஏலமலையில ஒரு துரைகிட்ட இருந்தான். ஏலக்காய் உலத்துற அறையில இருக்கிற காத்தைக் கண்ணாடிக் குழாயில புடிச்சு, அதுல நைட்ரஜன் எம்புட்டுன்னு பார்க்கிறதுதான் துரைக்குச் சோலி. "அது உசுருக்கு ஒதவாத காத்து, தங்கச்சி மாயக்கா. அளவுக்கு மேல கூடுனா ஆளு சாஞ்சிருவான்"னு அண்ணன் சொல்லுவான். செர்மன் சண்டை ஓஞ்சதும் துரை சீமைக்குப் போயிட்டார். இவன் ஊருக்கு வந்துட்டான்.

அந்தக் கோடையிலதான் எங்க ஊரு பெரியகருப்பன் பாழுங்கெணத்துல தூர்வார எறங்கிச் செத்தான். வழக்கம்போல விளக்கை எறக்கிப் பார்த்தாக. விளக்கு எரிஞ்சுச்சு, ஆளு போயிட்டான். விளக்குக்குத் தெரியாத கொஞ்சூண்டு வித்தியாசத்தையும் காட்டுற மாதிரி ஒண்ணு செய்யணும்னு அண்ணனுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு. கண்ணாடிக் குழாய்க்குள்ள நனைஞ்ச இரும்பு அரத்தூளை ஒட்டி, தண்ணியில கவுத்து வைப்பான். துரு ஏற ஏற நல்ல காத்தைத் தின்னுரும், அந்த எடத்துக்குத் தண்ணி ஏறும். மிச்சம் நிக்கிறது நைட்ரஜன். தடிச்ச குழாயில வித்தியாசம் தெரியலன்னு ஒடைச்சுப் போட்டு, நெருப்புல காட்டி ஊசிக் கழுத்தா இழுத்தான். கையெல்லாம் கொப்புளம். சோறு திங்கக் கூப்பிட்டா எரிஞ்சு விழுவான்.

பெறகு எங்க தம்பி வீரணன், பாதியில கெடந்த தோட்டத்துக் கெணத்தை ஆழப்படுத்தப் போறேன்னான். அண்ணன் ஒரு குடம் நெறையத் தண்ணி ஊத்திக் கெணத்துல எறக்கி, அடியில போனதும் கவுத்தான். தண்ணி போன எடத்துல கெணத்துக் காத்து ஏறிக்கிச்சு. மேல தூக்கி, வாயைத் தோலால இறுக்கிக் கட்டி, தம்பி வீட்டு வாசல்ல வச்சுட்டு, அரத்தூள் வாங்கப் போடிக்குப் போனான்.

சாயங்காலம் வந்து அந்தக் குடத்துக் காத்தைக் குழாய்க்கு மாத்துனான். மறுநாள் பார்த்தா, தண்ணி வெளிக்காத்துக்கு ஏறுற அதே மட்டத்துக்கு ஏறி நிக்குது. "எறங்கலாம்டா"ன்னான். எதுக்கும் ஒருக்கா விளக்கை விட்டுப் பாருங்கன்னு ஆளுக சொன்னாக.

"எங்கண்ணே சொல்லியாச்சு. விளக்கு எதுக்கு?"ன்னுட்டு வீரணன் எறங்குனான். பொணமாத்தான் தூக்குனோம்.

எழவு வீட்டுல குருவம்மா மாரடிச்சுக்கிட்டு அழுதா. "உங்க கண்ணாடிக் குழாய் என் தாலியை அறுத்திருச்சே மச்சான்!"

அண்ணன் மெதுவாக் கேட்டான். "அந்தக் குடத்தை யாரும் தொட்டீகளா ஆத்தா?"

"நீங்க வச்சுட்டுப் போன அன்னைக்கு அவுக தேவாரம் ஊருக்குக் கெளம்புனாக. வாசல்ல வெறுங்குடம் இருந்துச்சு. போறவுக அதுல முழிச்சா ஆகுமா? அவுத்துத் தண்ணி ரொப்பி வச்சேன். அவுக போனதும் கொட்டிட்டு, இருந்த மாதிரியே கட்டிட்டேன். அவுக நல்லபடியா திரும்பி வரணும்னுதான மச்சான்..."

அவளுக்கு ஒண்ணும் வெளங்கல. எனக்கு வெளங்கிருச்சு. அளந்தது கெணத்துக் காத்தையில்ல, வாசக் காத்தை! வாயைத் தொறக்கப் போனேன். அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தான். பெறகு எல்லார் காதுலயும் விழுற மாதிரிச் சொன்னான்.

"குடத்துல ஒண்ணுமில்ல ஆத்தா. நாந்தான் கணக்குத் தப்பிட்டேன்."

அதோட குழாயைத் தொடல. போடியில ஏலக்காய் மூட்டை தூக்கிப் பொழச்சான். எதுத்தாப்புல அவன் வந்தா குருவம்மா காறித் துப்புவா. பாவி மனுசன், தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போவான்.

அவன் செத்தன்னைக்கு ஊரே வாய்க்கரிசி போட வந்துச்சு. குருவம்மா கதவைச் சாத்திக்கிட்டா. எனக்கு வந்த ஆங்காரத்துல அவ வாசலுக்கே போயிட்டேன். உள்ள அவ வீரணன் பேரைச் சொல்லி அழுதுக்கிட்டு இருந்தா. தட்ட ஓங்குன கை அப்படியே நின்னுருச்சு. சொன்னா அண்ணன் பழி போயிரும், இவ உசுரோட இருக்க மாட்டா. திரும்பி வந்து, அவ பங்குக்கும் சேர்த்து நானே அரிசி போட்டேன்.