மண்ணெண்ணெய் அம்மாவின் பதினொரு வரி

மாடியில் குடியிருக்கும் பெண் போன வாரம் இறங்கி வந்து, "ஆன்ட்டி, பத்தே நிமிஷம் மிக்ஸி போடாதீங்க, ரெக்கார்டிங் இருக்கு" என்றாள். பொத்தேரியில் கல்லூரி முடித்துவிட்டுச் செம்பாக்கத்தில் எங்கள் மாடிக்கு வந்தவள். விளம்பரங்களுக்குக் குரல் கொடுக்க முயற்சி செய்கிறாளாம். வெளிச்சத்தம் வராமலிருக்க ஜன்னல்களில் கம்பளி தொங்கவிட்டிருக்கிறாள். கொடியிலிருந்து விழுந்த துப்பட்டாவைக் கொடுக்கப் போனபோது உள்ளே எட்டிப் பார்த்தேன். புழுங்கிய கம்பளி வாசனை முகத்தில் அடித்தது.

நானும் அந்த வேலைக்குப் போனவள்தான். அவளிடம் சொல்லவில்லை. கூச்சம். உங்களிடம் சொல்லலாம், நீங்கள் எதிரே உட்கார்ந்திருக்கவில்லை.

டப்பிங் தியேட்டரிலும் அதே வாசனைதான். சுவரெல்லாம் கம்பளம். சித்திரை மாதத்திலும் ஏசி குளிர் காலைக் கடிக்கும். அப்போது நாங்கள் கிழக்குத் தாம்பரத்தில் இருந்தோம். என் வீட்டுக்காரர் வேலை பார்த்த கம்பெனியை மூடியிருந்தார்கள். பக்கத்து வீட்டுக் கனகம் அக்கா, படங்களில் கூட்டம் போடும் சத்தத்துக்குப் பெண்களை அழைத்துப் போவார். நான் அஞ்சாவதுதான் படித்திருக்கிறேன் என்று இழுத்தேன். "வாய் கீதுல்ல? அதுக்கு இன்னாத்துக்குடி படிப்பு? கெளம்பு" என்று கோடம்பாக்கத்துக்கு ரயில் ஏற்றிவிட்டார்.

திரையில் சந்தையோ சாவு வீடோ ஓடும். பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே மைக்கைச் சுற்றி நின்று முணுமுணுக்க வேண்டும். ஆனால் எவர் பேச்சும் தனியாகப் புரியக்கூடாது. மைக்கிலிருந்து இரண்டடி தள்ளி, முகத்தைத் திருப்பி, வார்த்தையை மென்று பேச வேண்டும். என்னைப் போன்றவளுக்குத் தோதான வேலை. என்ன பேசுவது என்று தெரியாமல் நான் வீட்டுக் கதையையே முணுமுணுப்பேன். ஒருநாள் மற்றவர்கள் மூச்சு வாங்கிய நேரத்தில் நான் நிறுத்தவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் ஒலிப்பதிவு செய்யும் சவுண்ட் சார் கத்தினார்:

"யாரும்மா அது, ரேஷன்ல மண்ணெண்ணெய் வரலைன்னு சொன்னது? இது ராஜா காலத்துப் படம்மா!"

எல்லாரும் சிரித்தார்கள். "ராஜாவாண்ட போயி கேளுடி, ஊத்துவாரு" என்றார் கனகம் அக்கா. அன்றிலிருந்து எனக்கு மண்ணெண்ணெய் அம்மா என்று பெயர்.

சில மாதம் கழித்து ஒரு தெலுங்குப் படத்தைத் தமிழில் பேசிக்கொண்டிருந்தார்கள். அதில் நாத்தனார் பாத்திரம், பதினொரு வரி. பேச வேண்டிய பெண்ணுக்குத் தொண்டை கட்டிவிட்டது. சவுண்ட் சார், "அந்த மண்ணெண்ணெய் அம்மாவக் கூப்பிடுங்க. குரல் தெளிவா விழும்" என்றாராம். எழுத்துக்கூட்டிப் படிக்க நேரமாகும் என்பதால், கனகம் அக்கா வசனத் தாளை வாங்கி வந்து ரயிலில் படித்துக்காட்ட, நான் மனப்பாடம் செய்தேன். பல்லாவரம் தாண்டும்போதே பதினொன்றும் வந்துவிட்டது. எனக்கு ஆசை இருந்தது என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. ஒரு முகத்துக்கு என் குரல். கூட்டத்துக்கு இல்லை.

தனியாக மைக் முன்னால் நிறுத்தினார்கள். திரையில் அந்தப் பெண் வாயைத் திறந்தாள். நான் இரண்டடி பின்னால் போயிருந்தேன்.

"முன்னாடி வாம்மா."

வந்தேன். மறுபடி படம் ஓடியது. கால் தானாகப் பின்னால் போனது, முகம் தானாகத் திரும்பியது. கம்பளத்தில் சாக்பீஸால் கோடு போட்டார்கள். கோட்டிலேயே நின்றேன். இப்போது வார்த்தைகளை வாய் மென்றது. ஏழெட்டு முறை ஓட்டினார்கள். சவுண்ட் சார் கோபிக்கவே இல்லை. "பரவால்லம்மா, சாப்ட்டுட்டுப் போ" என்றார். தக்காளி சாதம். முழுதும் சாப்பிட்டேன். அழுகை வரவில்லை, ஒன்றுமே வரவில்லை. மறுநாள் வழக்கம்போலக் கூட்டத்தில் போய் நின்றேன்.

அந்தப் படம் தாம்பரத்துக்கு வந்தபோது மேட்னிக்குத் தனியாகப் போனேன். வேறு யாரோ பேசியிருந்தார்கள், நன்றாகவே. நானும் மனசுக்குள் கூடவே சொல்லிக்கொண்டு வந்தேன். மூன்றாவது வரியில் முன் வரிசை அம்மாள் திரும்பினார்.

"யம்மா, ஒண்ணு நீ பேசு, இல்லாட்டி அது பேசட்டும். ரெண்டு பேரும் பேசினா எத்தக் கேக்குறது?"

நான் வாயைத் திறந்திருந்தது எனக்குத் தெரியாது. அப்புறம் படம் முடியும்வரை உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

கனகம் அக்கா போய்ச் சேர்ந்துவிட்டார். கூட்டச் சத்தமெல்லாம் இப்போது கம்ப்யூட்டரிலேயே கிடைக்கிறதாம், ஆள் வேண்டாமாம். தாம்பரத்தில் நான் படம் பார்த்த கொட்டகையை இடித்துவிட்டார்கள், இப்போது அங்கே கார்கள் நிற்கின்றன. அந்தப் பதினொரு வரியில் இன்று ஒன்றுகூட என் நினைவில் இல்லை. அந்த அம்மாள் திட்டியது மட்டும் ஒரு வார்த்தை குறையாமல் இருக்கிறது. அந்த வரிகளை என் குரலில் தெளிவாகக் கேட்டவர் அவர் ஒருவர்தானே.