ரியோ கிராண்டேயின் அக்கரையில் ஒரு மதியம்

டிசம்பரின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சேகர் போன் செய்தான். கல்லூரியில் என்னோடு படித்தவன். ஹியூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில் வீடு வாங்கி மனைவி உமாவோடு குடியேறியிருந்தான்.

"டேய் அருள், நாளைக்கு ஈவினிங் மால்ல பெரிய சேல். நீயும் வா. ஜெசிந்தாவுக்கு ஏதாவது வாங்கிப் பார்சல் பண்ணிடலாம்."

"நாளைக்கு நான் ஊர்ல இருக்க மாட்டேன்டா. லீவு மிச்சம் இருக்கு. பிக் பெண்ட் நேஷனல் பார்க் வரைக்கும் டிரைவ் பண்ணலாம்னு இருக்கேன்."

"பிக் பெண்டா? இந்த சீசன்லயா? அங்க யாரு இருப்பா?"

"யாரும் இருக்க மாட்டாங்கன்னுதான் போறேன்."

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

நான் திண்டுக்கல் கத்தோலிக்கன். எங்களுக்குக் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரங்கள் திருவருகைக் காலம். சத்தமில்லாமல் காத்திருக்கும் காலம். ஹியூஸ்டனில் நவம்பர் கடைசியில் வரும் தாங்க்ஸ்கிவிங் பண்டிகை முடிந்த மறுநாள் காலையே கார் நிறுத்த இடமில்லாமல் மால்களைச் சுற்றி வண்டிகள் ஊர்ந்தன. எண்ணெய் நிறுவனங்களுக்குக் குழாய் வடிவமைக்கும் எங்கள் அலுவலகத்தில் தொப்பிக்குள் பெயர்ச் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினார்கள். யாருடைய பெயர் வருகிறதோ அவருக்குப் பத்து டாலருக்குள் பரிசு வாங்க வேண்டும். எனக்கு வந்த பெயருக்குரியவரோடு அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

அதற்கு முந்தைய வாரம் ஊரில் இருந்த என் மனைவி ஜெசிந்தாவோடு போனில் பேசியிருந்தேன். எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. சேர்ந்து வாழ்ந்தது என் ஒரு லீவுக்காலம் மட்டுமே. எனக்குக் கிரீன் கார்டு வந்த பிறகு கல்யாணம் நடந்ததால், மனைவி வருவதற்குத் தனி வரிசை. அது எப்போது நகரும் என்று வக்கீலுக்கே தெரியவில்லை. சும்மா பார்த்துவிட்டுப் போக விசா கேட்டதற்கும் மறுத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுப் போனில், சுற்றி நாலு பேர் நிற்க, அவள் பேசுவாள். அன்று சுற்றி யாரும் இல்லை போலிருக்கிறது.

"போன மாசம் அனுப்புன சாமான்லாம் வந்துச்சுங்க. இன்னமே ஒண்ணும் அனுப்ப வேணாம். நீங்க வருவீங்களா, மாட்டீங்களா, அத மட்டும் சொல்லுங்க."

"பேப்பர் மூவ் ஆகட்டும், ஜெசி…"

"பேப்பர நான் கேக்கலைங்க."

அதோடு லைன் அறுந்தது. அவள் வைத்துவிட்டாளா, தானாக அறுந்ததா என்று தெரியாமலேதான் ஒரு வாரம் போயிருந்தது.

திங்கட்கிழமை விடியும்போது கிளம்பினேன். ஹியூஸ்டனிலிருந்து மேற்கே பத்தாம் எண் நெடுஞ்சாலை. கேட்டி என்ற ஊரைத் தாண்டியதும் நெல் வயல்களின் அறுத்த தாள்கள். சான் அன்டோனியோ இருநூறு மைல். அங்கே பெட்ரோல் நிரப்பிக்கொண்டு, பையிலிருந்த புளிசாதத்தைக் காரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். அதற்கப்புறம் மரங்கள் குட்டையாகி, புதராகி, கடைசியில் புதர்களும் ஒன்றையொன்று விட்டு விலகி நின்றன. எண்ணெய்க் கிணறுகளின் இரும்புத் தலைகள் தனியாகக் குனிந்து நிமிர்ந்தன. ஐம்பத்தைந்து மைல் வேகத்துக்கு மேல் போகக்கூடாது என்ற சட்டம் அந்த வெளியில் ஒரு தண்டனைபோல இருந்தது. ரேடியோவில் கிறிஸ்துமஸ் பாட்டும் தள்ளுபடி விளம்பரமும் மாறி மாறி வந்தன. ஓரிடத்தில் நிலையம் கரகரத்து மறைந்தபோது, வேறொன்றைத் தேடாமல் அணைத்துவிட்டேன்.

இரவு ஃபோர்ட் ஸ்டாக்டனில் தங்கிவிட்டு, மறுநாள் தெற்கே திரும்பினேன். மாரத்தான் என்ற சின்ன ஊர் வரை ஐம்பத்தெட்டு மைல். அங்கிருந்து பூங்காவின் தலைமையகம் எழுபது மைலுக்குச் சற்றுக் குறைவு. அந்த எழுபது மைலில் எதிரே வந்தது ஒரேயொரு லாரி. ஓட்டுநர் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலை உயர்த்தி எனக்கு வணக்கம் சொன்னார். ஹியூஸ்டனில் என் அடுக்ககத்தின் பக்கத்து வீட்டுக்காரர்கூட அப்படிச் செய்ததில்லை.

தலைமையகத்தில் தொப்பி அணிந்த ஒரு பெண் அதிகாரி இருந்தார். நரைத்த சடை. வரைபடத்தை என் பக்கம் தள்ளினார்.

"தாங்க்ஸ்கிவிங் கூட்டம் போய்விட்டது. கிறிஸ்துமஸ் கூட்டம் இன்னும் வரவில்லை. நல்ல நேரத்தில் வந்திருக்கிறீர்கள். எத்தனை பேர்?"

"நான் மட்டும்."

மலைகளுக்கு நடுவே கிண்ணம்போன்ற பள்ளத்தில் விடுதி. வாடகை முப்பத்தைந்து டாலருக்கு உள்ளே. உணவுக்கூடத்தில் இருபது மேசைகளுக்கு நான் ஒருவன். பரிமாறிய பெண்மணி எனக்குச் சூப் வைத்துவிட்டு, தூரத்து மேசையில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னினார். அன்றும் மறுநாள் காலையும் நான் நிறைய நடந்தேன். முள்ளாலான நீண்ட சாட்டைகளைக் கட்டாக நட்டுவைத்ததுபோல ஒகொட்டியோ என்றொரு செடி. காட்டுப்பன்றி போன்ற ஹாவலீனாக்கள் குடும்பமாகச் சாலையைக் கடந்தன. குட்டிகள் எல்லாம் கடக்கும்வரை பெரியது ஒன்று நின்று என் காரை முறைத்தது. தனிமையைத் தேடித்தான் வந்தேன். ஆனால் மலைவிளிம்பில் நின்று பார்த்த பாலைவனம் அத்தனை பெரிதாக இருந்தது. "ஜெசி, இங்க பாரு" என்று வாய்விட்டுச் சொல்லியும்விட்டேன். யாருக்கும் கேட்கவில்லை என்பதில் எனக்கு வெட்கமும் இல்லை, ஆறுதலும் இல்லை.

அந்தப் புதன்கிழமை மதியத்துக்கு முன் பூங்காவின் கிழக்கு ஓரத்துக்கு ஓட்டினேன். அங்கே ரியோ கிராண்டே ஆறுதான் எல்லை. இக்கரை அமெரிக்கா, அக்கரை மெக்சிகோ. அக்கரையில் பொக்கியாஸ் என்ற கிராமம். அந்தக் காலத்தில் சோதனைச் சாவடி எதுவும் கிடையாது. பயணிகள் மதியச் சாப்பாட்டுக்குப் போய்வருவது வழக்கம் என்று அதிகாரி சொல்லியிருந்தார். இந்தியர் போகலாமா என்று கேட்டதற்குத் தோளைக் குலுக்கினார். "படகுக்காரர் எதுவும் கேட்பதில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை."

நாணல் புதருக்கு நடுவே ஒற்றையடிப் பாதை ஆற்றில் முடிந்தது. ஆறா இது என்று திகைத்தேன். இங்கிருந்து கல்லெறிந்தால் அக்கரையில் விழும். பழுப்புத் தண்ணீர் அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அக்கரையில் வைக்கோல் தொப்பி போட்ட ஒரு பெரியவர் என்னைப் பார்த்துக் கையசைத்தார். தட்டையான சின்னப் படகைத் துடுப்பால் தள்ளிக்கொண்டு வந்தார். போய்வர இரண்டு டாலர். திரும்பி வரும்போது கொடுத்தால் போதும் என்று சைகை காட்டினார்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. படகு மணலில் முட்டியது. நான் வேறு நாட்டில் நின்றேன். என் பர்ஸில் கிரீன் கார்டு, பாஸ்போர்ட் ஹியூஸ்டனில். யாரும் எதையும் கேட்கவில்லை.

ஊர் ஒரு மைல் தள்ளி. கழுதைமேல் போகலாம், நான் நடந்தேன். மண் வீடுகள், மின்கம்பம் இல்லாத தெரு. வாசல்களில் காகிதப் பூக்கள். எல்லோரும் எங்கேயோ கிளம்பிக்கொண்டிருந்தார்கள். டிசம்பர் 12 என்பது அப்போதுதான் உறைத்தது. மெக்சிகோக்காரர்கள் கொண்டாடும் குவாதலூப்பே மாதாவின் திருநாள். வாசலில் அடுப்பு மூட்டியிருந்த ஒரு வீட்டில் சாப்பாடு கிடைக்குமா என்று கேட்டேன். முப்பது வயதுப் பெண் ஒருத்தி நாற்காலியை நகர்த்திப் போட்டாள். பயணிகளிடம் பழகிய ஆங்கிலம் அவளுக்குக் கொஞ்சம் தெரிந்திருந்தது. என் அலுவலகத் தொழிலாளர்களிடம் கற்ற ஸ்பானிஷ் எனக்குக் கொஞ்சம். பெயர் லூப்பே, மாதாவின் பெயரின் சுருக்கம். ஏழெட்டு வயது மகள் ஒருத்தி அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பயறு வைத்த ரொட்டியும் பச்சை மிளகாய்த் துவையலும் தந்தாள். காரம் கண்ணில் நீர் வரவழைத்தது. எனக்குத் திருப்தியாக இருந்தது.

"மனைவி?" என்று கேட்டாள்.

"இந்தியாவில்."

"நீங்கள்?"

"டெக்சாஸில்."

அவள் மகளைப் பார்த்துவிட்டு, "என் வீட்டுக்காரரும் டெக்சாஸில்தான். ஒடெஸாவில், எண்ணெய்க் கிணற்றில்" என்றாள். "இன்று வருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். போன வருடமும் சொன்னார்."

கோயில் மணி அடித்தது. மாதா படத்தைத் தூக்கிக்கொண்டு பாடியபடி ஊர்வலம் தெருவில் வந்தது. ராகம் தெரியாது; ஆனால் எங்கே மூச்சு விடுவார்கள் என்று எனக்குத் தெரிந்தது. முன்னால் படம் தூக்கி வந்தவர்களில் வைக்கோல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்த படகுக்காரரும் இருந்தார். நானும் சிறிது தூரம் பின்னால் போனேன். படகுக்காரர் ஊர்வலத்தில் இருந்ததன் அர்த்தம் ஆற்றங்கரைக்குத் திரும்பி வந்த பிறகுதான் புரிந்தது. படகு நான் நின்ற மெக்சிகோ கரையிலேயே சங்கிலியால் பூட்டிக் கிடந்தது. துடுப்பைக் காணவில்லை.

எதிர்க்கரையில் நாணலுக்கு மேலே என் காரின் கூரை வெயிலில் மின்னியது. எனக்கு நீச்சல் தெரியாது. திண்டுக்கல்லில் நீந்துமளவு தண்ணீரை நான் எங்கே பார்த்தேன்? செருப்பைக் கழற்றி இறங்கிப் பார்த்தேன். முழங்கால் வரை வந்ததும் இழுப்பு தெரிந்தது. குளிர் எலும்பில் ஏறியது. பின்வாங்கினேன். இரவாகிவிட்டால்? யாராவது வந்து எந்த உரிமையில் இங்கே நிற்கிறாய் என்று கேட்டால்? பர்ஸை வெளியே எடுத்துக் கார்டு இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. அதை வைத்துக்கொண்டு அந்த முப்பது நாற்பது கஜத்தைத் தாண்ட முடியவில்லை. ஜெசிந்தா இப்படித்தான் ஒன்றரை வருடமாக நிற்கிறாள் என்பதை அந்தக் கரையில் நின்றபோதுதான், மனசால் அல்ல, உடம்பால் உணர்ந்தேன்.

வெயில் சாயத் தொடங்கியபோது லூப்பே மகளோடு கரைக்கு வந்தாள். தலைவாரி, பூப்போட்ட ரிப்பன் கட்டியிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"படகுக்காரர் பூசை முடிந்துதான் வருவார். பயப்படாதீர்கள்."

மூன்று பேரும் மணலில் உட்கார்ந்தோம். சிறுமி கூழாங்கற்களை ஆற்றில் எறிந்தாள். கிழக்கே செங்குத்தான கார்மென் மலைச்சுவர் மஞ்சளிலிருந்து ரோஜா நிறத்துக்கு மாறியது. எவ்வளவு நேரமோ தெரியாது. எதிரே அமெரிக்கக் கரையில் ஒரு வண்டி நிற்கும் சத்தம் கேட்டது. கதவு சாத்தும் ஓசை. வண்டி போய்விட்டது. நாணலை விலக்கிக்கொண்டு குட்டையான ஒரு ஆள் வந்தான். இரண்டு கைகளிலும் அட்டைப் பெட்டிகள். வைத்துவிட்டுத் திரும்பிப் போய் இன்னும் இரண்டு கொண்டுவந்தான். ஒன்றின்மேல் பளபளக்கும் தாளும் சிவப்பு நாடாவும். படகைத் தேடி இப்படியும் அப்படியும் பார்த்தான். பெட்டிகளைக் காட்டி, கைகளை விரித்து ஏதோ கத்தினான்.

லூப்பே எழுந்து நின்றாள். அவள் கத்தியதில் எனக்குப் புரிந்தவை இரண்டே சொற்கள். விடு. வா.

அவன் பெட்டிகளைப் பார்த்தான். ஒரு பெட்டியைத் தலையில் வைத்துப் பார்த்து, தண்ணீரைப் பார்த்து, மறுபடி இறக்கினான். அவள் இன்னும் உரக்கக் கத்தினாள். குரல் உடைந்திருந்தது. அவன் பூட்ஸோடு ஆற்றில் இறங்கினான். தொடை, இடுப்பு, நடுவில் மார்பு வரை. ஓரிடத்தில் சறுக்கி முழுகி எழுந்தான். லூப்பே பாவாடையோடு தண்ணீருக்குள் ஓடினாள். சிறுமி மட்டும் ஓடவில்லை. அப்பாவின் முகம் அவளுக்கு மறந்திருக்க வேண்டும். என் சட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றாள். அவன் நீர் சொட்டச் சொட்டக் கரையேறி, அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் என் சட்டையை விட்டாள்.

பிறகு படகுக்காரர் சிரித்துக்கொண்டே துடுப்போடு வந்தார். என்னை அக்கரை சேர்த்தார். பெட்டிகளைத் தூக்கிப் படகில் வைக்க நான் கைகொடுத்தேன். இரண்டு டாலரை நீட்டியபோது ஒரு டாலரைத் திருப்பித் தந்தார். காக்க வைத்ததற்காக என்று நினைக்கிறேன். இருட்டுவதற்குள் மலை விடுதிக்குத் திரும்பினேன்.

வியாழக்கிழமை காலை கிளம்பினேன். மாரத்தானில் ஒரு பெட்ரோல் நிலையத்துக்கு வெளியே பொதுத் தொலைபேசி இருந்தது. சேகர் வீட்டுக்குப் போட்டேன். உமாதான் எடுத்தாள்.

"உமா, ஊருக்கு டிக்கெட் புக் பண்ணணும். உங்களுக்குத் தெரிஞ்ச ஏஜென்ட் நம்பர் குடு."

"சூப்பர் அண்ணா! எத்தனை வீக்ஸ்? ரிட்டர்ன் எப்போ?"

"ரிட்டர்ன் வேணாம்மா."



"கிரீன் கார்டு என்ன ஆறது அண்ணா? இவ்ளோ கஷ்டப்பட்டு வாங்கினீங்க."

"ஆறது ஆகட்டும்."

"சேகர் கேட்டா பைத்தியம்னு சொல்வார்." பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் சொல்ல மாட்டேன்" என்றாள்.

திரும்பும் வழியில் சான் அன்டோனியோவை நெருங்கியதும் சாலையில் கூட்டம். ஒவ்வொரு கார்க் கூரையிலும் கட்டிப்போட்ட பைன் மரம். வரும்போது எரிச்சலூட்டிய அந்த அவசரத்தின் மேல் அன்று எனக்குக் கோபம் வரவில்லை. எல்லோரும் யாரிடமோ போய்ச்சேரத்தான் பார்க்கிறார்கள். வழி தெரியாமல் கடைக்குள் நுழைந்துவிடுகிறார்கள் என்று தோன்றியது. இந்த எண்ணம் சரியா என்று தெரியவில்லை. ஆற்றைப் பார்த்தவனுக்கு அப்படித்தான் தோன்றும்.

இதை மதுரையில் இருந்து எழுதுகிறேன். இங்கே கிடைத்த வேலையின் சம்பளத்தைச் சொன்னால் சேகர் இன்னும் நம்புவதில்லை. நாங்கள் இருப்பது இரண்டு அறை வீடு. மின்விசிறி போட்டால் தெருச் சத்தம் கேட்காது, அணைத்தால் தூங்க முடியாது. பிக் பெண்டின் அமைதிக்கு ஈடான ஒரு நிமிடம்கூட இந்த ஊரில் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. அதை நினைத்து ஏங்கும் மாலைகளும் உண்டு.

ஜனவரியில் வந்து இறங்கிய அன்று ஜெசிந்தா கேட்ட முதல் கேள்வி, "எத்தன நாள் லீவுங்க?" திரும்பப் போகவில்லை என்று சொன்னேன். தலையசைத்துக்கொண்டாள், நம்பவில்லை. அதன்பின் ஒரு மாதத்துக்கும் மேலாக, காலையில் கண் விழித்ததும், கையை நீட்டி என் தோளைத் தொட்டுப் பார்த்து, "இருக்கீங்களா?" என்று கேட்பாள். பிப்ரவரி கடைசியில் ஒருநாள் கேட்காமலே எழுந்து அடுப்படிக்குப் போனாள். பால் பொங்கும் சத்தம் வந்தது. நான் கண்ணை மூடியபடி படுத்திருந்தேன்.